தாய்மாமன் வழங்கிய சிறந்த எழுவர்

கலியமூர்த்தியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. சிதம்பரம் ரயிலடிக்குப் போகிற வழியிலிருந்த மண்டபத்தின் வாசலில் காலையிலேயே ஆட்கள் சவுக்குக் கழி நட்டு, பன்னிரண்டுக்கு எட்டு ஃப்ளெக்ஸை விரித்துக் கட்டி, கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். பட்டுப்பாவாடையில் சிரிக்கவேண்டிய குழந்தையைக் காணோம். அது இருக்கவேண்டிய இடத்தில், முட்டி சிராய்த்து, சேறு அப்பிய அரைக்கால் சட்டையோடு ஏழு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி, படத்தில் இல்லாத யாரோ ஒருத்தியின் இடுப்பைப் பிடித்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேலே தங்க எழுத்தில் ‘ஆசியாவின் சிறந்த எழுவர்’. கீழே, செல்போனில் யாரிடமோ பேசியபடி நடந்துவரும் கலியமூர்த்தி. அவர் காலடியில், ‘அன்புடன் வழங்கும் தாய்மாமன், கீரப்பாளையம்’.

இதைச் செய்தவன் அந்நேரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை பார்க்கிற ஃப்ளெக்ஸ் கடையின் வாசலில் நின்று, பொறையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். பெயர் செந்தமிழ்ச்செல்வன். போன் அடித்தது.

“தம்பி,” என்றது குரல். கோபத்தை மென்று முழுங்கிவிட்டுப் பேசுகிற குரல். “என் தங்கச்சி பொண்ணு எங்க?”

“அண்ணே, நான் எங்கியும் போவலண்ணே. கடையிலதான் இருக்கேன்.”

“ஃப்ளெக்ஸுல எங்கன்னு கேட்டேன்.”

பொறையின் நனைந்த பாதி டீக்குள் விழுந்தது. செல்வனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவன் செய்தது சின்ன வேலைதான். காதுகுத்து டிசைனின் தங்க பார்டர் நன்றாக அமைந்துவிட்டது. மயில் இறகு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலையில் ஒளிவட்டம். அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. குழந்தையை எடுத்துவிட்டு, கொழும்பில் அந்த வாரம் முடிந்திருந்த, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஆசிய மகளிர் செவன்ஸ் ரக்பிப் போட்டியிலிருந்து தான் பொறுக்கிய ஏழு பேரை அந்த பார்டருக்குள் நிறுத்தி, மேலே தலைப்பும் எழுதினான். போனில் ஒரு படம் எடுத்து பிரிசில்லாவுக்கு அனுப்பிச் சிரிக்கவைக்கவேண்டும், அவ்வளவுதான் திட்டம். வேறு பெயரில் சேமிக்கவேண்டியதை, பழக்கதோஷத்தில் அதே பெயரில் சேமித்தான். பிறகு அதைப் பிரிண்டுக்கும் அனுப்பினான். ஃப்ளெக்ஸ் மெஷினிலிருந்து வருகிறபோதே படம் உள்பக்கமாகச் சுருண்டுவிடும். சுருட்டி, டேப் ஒட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டால் கட்டுகிறவர்தான் பிரித்துப் பார்ப்பார்.

கடை முதலாளி பொன்னுரங்கம் கோபக்காரர் அல்ல. கம்ப்யூட்டரில் அந்த ஏழு பேரையும், குறிப்பாக வலது ஓரத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தவளையும், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஏம்பா செல்வா, நீ லவ் பண்றது உன் இஷ்டம். அதை ஏன் பன்னண்டுக்கு எட்டுல பண்ற?”

“லவ்வெல்லாம் இல்ல முதலாளி. இது விளையாட்டு சம்பந்தப்பட்டது.”

“அப்ப வெறும் விளையாட்டுக்குத்தான் அந்தப் பொண்ணு முகத்துல மட்டும் அவ்ளோ வெளிச்சம் குடுத்தியா? போ. புதுசா ஒண்ணு அடிச்சுகிட்டு நீயே கொண்டுபோ. அடி வாங்குனா போன் பண்ணு.”

வலது ஓரத்தில் இருந்தவள்தான் பிரிசில்லா.

சிதம்பரத்தில் படித்தபோது இருவரும் ஒரே செட். பல்கலைக்கழகத்தில் ரக்பி என்று ஒன்று ஆரம்பித்து, கபடி ஆடுகிறவர்களையும் ஓடுகிறவர்களையும் பிடித்துவந்து டீம் சேர்த்தார்கள். பெண்கள் டீமுக்கு நூறு மீட்டர் ஓடுகிற பிரிசில்லா கிடைத்தாள். ஆண்கள் டீமுக்கு ஆள் குறைந்ததால் செல்வன் கிடைத்தான். ரக்பியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். ஆனால் இன்னொருவருக்கு வீசுவதென்றால் பின்னால்தான் வீசவேண்டும். செல்வனுக்கு இரண்டாவது பாதி மட்டும் நன்றாக வந்தது. பந்து கைக்கு வந்ததும் பின்னால் யார் இருக்கிறார்களோ இல்லையோ, வீசிவிடுவான். கோச் அவனை பெஞ்சில் உட்காரவைத்தார். பெஞ்சிலிருந்து பார்த்தால் பெண்கள் மைதானம் நன்றாகத் தெரிந்தது. அதனால் அவனும் முறையிடவில்லை.

அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து மாநில டீம், அங்கிருந்து புவனேஸ்வரத்தில் இந்திய அணியின் முகாம். இவன் கடலூரில் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் கூப்பிட்டபோது போகவில்லை. பிரிசி ஊருக்கு வருகிறபோது தான் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதே காரணம். இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால், சென்னைத் தண்ணி ஒத்துக்காது என்று சொல்லிவைத்திருந்தான். வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தபோதும் கிட்டத்தட்ட அதே காரணத்தைத்தான் சொன்னான்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எங்கே எந்தப் போட்டி முடிந்தாலும், அதில் ஆடிய எல்லா நாட்டுப் பெண்களிலிருந்தும் ஆளுக்கொரு சிறந்த எழுவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிறகு வாய்ஸ் மெசேஜில் சண்டை. ஜப்பான்காரியைப் போட்டால் சீனாக்காரி என்ன பாவம் செய்தாள், ஆளைப் பிடித்துக் கவிழ்க்கத் தெரியாதவளை எதற்கு முன்வரிசை நடுவில் ஹூக்கராகப் போட்டாய் என்று புவனேஸ்வரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் சத்தம் பறக்கும். செல்வனின் எழுவரில் ஆறு பேர் மாறுவார்கள். விங் என்கிற ஓரத்து இடம் மட்டும் பிரிசில்லாவுக்குப் பட்டா போட்டது. அவளுடைய எழுவரில் அவள் ஒருமுறைகூட இருந்ததில்லை.

சண்டை முடிந்ததும் செல்வன் கடைசியாக, போகிறபோக்கில் கேட்பதுபோல, “எப்ப ஊருக்கு வர்ற?” என்பான். அவன் நிஜமாகக் கேட்பது வேறு என்பது அவளுக்கும் தெரியும்.

“பாக்கலாம்,” என்பாள்.

இத்தனை வருஷத்தில் அந்த ஒரு சொல்லை வைத்தே செல்வன் குடும்பம் நடத்திவிட்டான். இரண்டு நாள் அது ‘வருவேன்’ மாதிரி கேட்கும். மூன்றாம் நாள் வேறு மாதிரி கேட்கும்.

கொழும்புப் போட்டியில் பிரிசில்லா ஆடவில்லை. டீமில் இருந்தாள், பெஞ்சில் இருந்தாள். கடைக்குள் போனை மவுஸ் மீது சாய்த்துவைத்து ஒரு மேட்ச் விடாமல் பார்த்தான் செல்வன். ஒரே ஒருமுறை கேமராவில் வந்தாள். ஆட்டம் நின்றிருந்தபோது, இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தாள். அந்த ஓட்டத்தில் ஒன்றும் குறையவில்லை. செல்வன் அதை அப்படியே படம் பிடித்து, பாட்டில்களை அழித்துவிட்டு, கையில் பந்து வைத்தான். ஃப்ளெக்ஸில் இருந்தது அந்தப் படம்தான்.

புதிய ஃப்ளெக்ஸைத் தோளில் சாத்திக்கொண்டு அவன் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடிக்கு பதில் காபி கிடைத்தது. நெல் அறுக்கும் மெஷின் வாடகைக்கு விடுகிற கலியமூர்த்தி, யார் யாரிடமோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

“வா தம்பி, வா. மொதல்ல உன்னை வெட்டலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பாத்தா, அந்த ஓரத்துப் பொண்ணு நம்ம ஊர் பொண்ணாமே. மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவாமே. அவுங்க அப்பா பால் வாங்க வந்தவரு பாத்துட்டு, அப்படியே நின்னு அழுவுறாரு. எல்லாரும் என்கிட்ட வந்து, ஏன் கலியமூர்த்தி, விளையாட்டுக்கெல்லாம் இவ்ளோ செய்யிறியான்னு கேக்குறான். நான் என்னா சொல்றது? ஆமான்னுட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “இது என்னா ஆட்டம் தம்பி? கபடியா?”

“கபடி மாதிரிதாண்ணே. கையில ஒரு பந்து இருக்கும்.”

“பந்து எதுக்கு?”

செல்வன் காபியை ஊதிக் குடித்தான்.

“சரி, அதை விடு. பாப்பா ஃப்ளெக்ஸை இங்க கட்டு. இதை நாளைக்கு ஸ்டேஷன் முன்னாடி கட்டிடலாம். அந்தப் பொண்ணு காலையில ரயில்ல வருதாம். சால்வை சொல்லிட்டேன்.”

“அண்ணே, அது நான் சும்மா...” என்று ஆரம்பித்தான் செல்வன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைத் தொட்டது. பிரிசில்லாவின் அப்பா ஆரோக்கியராஜ். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை வாங்குவதுபோல விரல்களைக் குவித்தே பேசுவார்.

“கேக் எடுத்துக்கங்க தம்பி. நீங்க பிரிசி கூட படிச்சவருதான? பாருங்க, ஆசியாவுலயே ஏழு பேருல ஒருத்தியாம். நேத்துகூட போன்ல பேசுனா, ஒரு வார்த்தை சொல்லல. ஆட்டம் எப்படிம்மா இருந்துச்சின்னேன், இருந்துச்சிப்பான்னா. அவளுக்கு அடக்கம் ஜாஸ்தி. இத்தனை வருஷம் பொண்ண எங்கயோ அனுப்பிட்டு ஒக்காந்திருக்கியேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் இன்னைக்கு நானே போய் கேக் குடுத்தேன்.”

செல்வன் கேக்கை வாயில் போட்டுக்கொண்டான். வாயில் கேக் இருக்கிறபோது உண்மை பேசவேண்டியதில்லை.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் மறுபடி சிதம்பரம் வந்து, ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த டீக்கடைத் தூணுக்குப் பின்னால் தன்னைப் பத்திரப்படுத்திக்கொண்டான். ஃப்ளெக்ஸை வாசலுக்கு நேராகக் கட்டி மாலையும் போட்டிருந்தார்கள். மாலை நடுவில் தொங்கியதால் கஜகஸ்தான்காரியின் முகம் தெரியவில்லை. கலியமூர்த்தி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே, ஃப்ளெக்ஸில் இருந்த அதே கோணத்தில் நின்றார்.

பிரிசில்லா வெளியே வந்தாள். தோளில் பெரிய பை, இடது முட்டியில் பட்டை. ஒரு சரவெடி வெடித்தது. அவள் திடுக்கிட்டு, யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து ஒதுங்கிப் போகப் பார்த்தாள். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மற்ற ஆறு பேரைப் பார்க்கவில்லை, தங்க எழுத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஓடுகிறவளின் கையைப் பார்த்தாள். வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு சால்வைக்குத் தலையைக் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது அவள் கண் நேராக டீக்கடைத் தூணுக்கு வந்தது.

கொஞ்ச நேரத்தில் செல்வனின் போனில் ஒரு வரி வந்தது. ‘சாயங்காலம் ஏணி, கட்டிங் பிளேயர் எடுத்துகிட்டு வா.’

வெயில் தாழ்ந்த பிறகு ஸ்டேஷன் வாசலுக்கு வந்தாள். செல்வன் மண்டபத்திலிருந்து ஏணியைக் கேட்டு வாங்கிவந்து சாத்திவைத்திருந்தான். அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவன் ஏறினான். கலியமூர்த்தியின் ஆட்கள் ஃப்ளெக்ஸை ஒரு புயலையும் தாங்குகிற மாதிரி கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

“அப்பாகிட்ட சொல்லிட்டேன்,” என்றாள் கீழேயிருந்து.

செல்வனுக்குக் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் போனது. “என்னா சொன்னாரு?”

“மிச்சக் கேக்கை மூடி வச்சாரு. அப்புறம், தண்ணி குடுக்குறதுக்கும் ஆள் வேணும்தானம்மான்னாரு.”

“சாரி பிரிசி. வேணும்னு பண்ணல. நம்புனா நம்பு, உனக்கு மட்டும் அனுப்பத்தான் போட்டேன். சிரிப்பன்னு நெனச்சேன்.”

“கம்பிய அறு மொதல்ல.”

அறுத்தான். ஒரு மூலை சரிந்து, செல்போன் கலியமூர்த்தி மடங்கி அவன் முகத்தில் விழுந்தார். அவரைத் தள்ளிவிட்டு அடுத்த கம்பிக்குப் போனான்.

“என் கையில பாட்டில் இருந்துச்சு,” என்றாள்.

“தெரியும்.”

“அதை ஏன்டா எடுத்த?”

“நல்லாருக்கும்னுதான்.”

“பாட்டில் எடுத்துகிட்டு ஓடுனது எனக்கு அசிங்கமா இல்ல செல்வா. நம்ம டீம் ஹூக்கர் பொண்ணு தண்ணி குடிச்சிட்டு என் தோள்ல தட்டிட்டுப் போனா. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. இங்க வந்து எறங்குனா, நீ அதை அழிச்சிட்டு நிக்கிற.”

மேலே நிற்கிறவனுக்குக் கீழே நிற்கிறவளின் முகம் தெரியவில்லை. உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடலாம் என்று நாக்கு வழக்கம்போலத் துடித்தது. செல்வன் அதைப் பிடித்துவைத்துக்கொண்டான்.

கடைசிக் கம்பியும் அறுந்து, ஃப்ளெக்ஸ் முழுதாகத் தரையில் விழுந்தது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மடிப்புக்கு நடந்துவந்து மூலையோடு மூலை சேர்க்கவேண்டும். அப்போது கையும் கையும் தொடும். பிறகு அவள் கீழ் விளிம்பை எடுக்கத் தள்ளிப் போவாள். அப்படி ஒவ்வொரு மடிப்புக்கும் வந்தாள், போனாள்.

“ஒண்ணு கேக்குறேன்,” என்றாள். “நாலு வருஷம் முன்னாடி நான் நல்லா ஆடுனேன். அப்பவும் என்னைப் போட்ட. அதுக்கு அடுத்த போட்டியில, முட்டி போயி பாதியில வெளிய வந்தேன். அப்பவும் போட்ட. இப்ப ஆடவே இல்ல. போட்டிருக்க. ஒரே ஒரு வாட்டியாச்சும் நீ என்னை வெளிய வச்சிருந்தா, உள்ள வச்சப்ப நான் நம்பியிருப்பேன்ல?”

செல்வன் மூலையைப் பிடித்தபடி நின்றான். ஸ்டேஷனுக்குள் ஏதோ ஒரு ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிற வரை பதில் சொல்லாமலிருக்க அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. ரயில் போய்விட்டது.

“எல்லாரும் என்னை நல்லா ஆடுனன்னுதான் சொல்வாங்க,” என்றாள் அவள். “அப்பா சொல்வாரு, சர்ச்சுல சொல்வாங்க. உனக்கு ஆட்டம் தெரியும். அதான் உன்கிட்ட கேட்டேன். ஒவ்வொரு வாட்டியும் உன் ஏழு பேருக்காகத்தான் காத்திருப்பேன். நீ என்னடான்னா எனக்கு பூ குடுக்குற மாதிரி எடத்தைக் குடுத்துகிட்டே இருக்க. இப்ப சொல்லு. கொழும்பு. ஏழு பேரு. ஒழுங்கா.”

“இப்பவா?”

“இப்பதான்.”

செல்வன் மடித்த ஃப்ளெக்ஸின் மேல் உட்கார்ந்தான். ஆசியாவின் சிறந்த எழுவர்மீது உட்கார்ந்தே ஆசியாவின் சிறந்த எழுவரைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தது.

“ப்ராப் ரெண்டும் ஜப்பான். அந்த உயரமான பொண்ணும், முடியை சிவப்பா வச்சிருந்த பொண்ணும்.”

“சரி.”

“ஹூக்கர், கஜகஸ்தான்.”

“சீனாக்காரிய போடுவன்னு நெனச்சேன்.”

“கஜகஸ்தான்காரி செமிஃபைனல்ல ஓடிப்போய் ஒருத்திய கோட்டுகிட்ட புடிச்சா பாரு. அதுக்கே போடணும். ஸ்க்ரம்-ஹாஃபுக்கு சீனா. ஃப்ளை-ஹாஃப் ஹாங்காங் பொண்ணு.”

“அவ கிக் பண்ணவே இல்லியே.”

“கிக் பண்ணாம இருந்ததுதான் அவ புத்தி. சென்டருக்கு நம்ம ஒடிசா பொண்ணு. நம்ம டீமுங்கிறதுக்காகச் சொல்லல.”

“இல்ல, அவ ஆடுனா. நானும் போட்டிருக்கேன்.” அவள் குரலில் பழைய வாய்ஸ் மெசேஜ்களின் சூடு வந்திருந்தது. அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பட்டை கட்டிய காலை நீட்டிக்கொண்டாள். “விங்?”

ஆறு பேரைச் சொன்ன வாய் அங்கே நின்றது. அந்த இடத்துக்கு யார் என்பது அவனுக்குத் தெரியும். போட்டியின் முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் ஓடியபோதெல்லாம் கடையில் யாரும் பார்க்காமல் கைதட்டியிருக்கிறான். பிறகு பிரிசிக்குத் துரோகம் செய்ததுபோலப் போனைக் கவிழ்த்துவைத்திருக்கிறான்.

“தாய்லாந்து,” என்றான். “பதினொண்ணாம் நம்பர்.”

“ஏன்?”

“ஓரத்துல எடமே இல்லாத எடத்துல எடம் கண்டுபுடிக்கிறா. நீ அப்படி ஆடுவ. முன்னாடி.” கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தான். “நாலு வருஷம் முன்னாடி உன்னைப் போட்டேனே, அது மட்டும் நெஜம். அதுக்கப்புறம் போட்டதெல்லாம் நான் சும்மா போட்டது.”

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அடி பட்டவள் மாதிரி இல்லை. பல்கலைக்கழக மைதானத்தில் ஆட்டம் முடிந்து, பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காருவாளே, அந்த முகம்.

“நானும் அவளதான் போட்டேன்,” என்றாள். பிறகு, “நாலு வருஷம் முன்னாடி நெஜமாவா?”

“நெஜமா.”

“போதும்.”

டீக்கடையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் முட்டிப் பட்டையை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

“இதோட ஆடுறத விடுறேன் செல்வா. யாருக்கும் இன்னும் சொல்லல.”

அவனுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. மூளை வேகமாக எங்கெங்கோ ஓடியது. மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு, சிதம்பரத்தில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் பி.டி. வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியராஜோடு சர்ச் வாசல் வரைக்கும் போய் வருவது.

“புவனேஸ்வரத்துலயே சின்னப் பொண்ணுங்க டீமுக்கு கோச்சா கூப்புட்டிருக்காங்க,” என்றாள் அவள்.

மாடி வீடு அப்படியே நின்றது.

இப்போது, “எப்ப ஊருக்கு வர்ற?” என்று கேட்கலாம். அவளும் பாக்கலாம் என்பாள். அதை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் கடலூர் போனால், அடுத்த போட்டி வரைக்கும் தாங்கும். செல்வன் அந்தக் கேள்வியை வாயில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

“பிரிசி, நான் வேற ஒண்ணு கேக்கணும். இத்தனை நாளா கேக்காத மாதிரி கேட்டுகிட்டு இருந்தேன்.”

“தெரியும்.”

“இந்த ஊருக்கே திரும்பி வந்துருவியா? என்கூட இருக்க.”

மடித்த ஃப்ளெக்ஸின் ஓரத்தில், உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை விரலால் நீவிவிட்டாள். தங்க பார்டரின் மயில் இறகு அது. பிறகு நிமிர்ந்து, ஏணியில் நின்றபோது அவனுக்குத் தெரியாமலிருந்த முகத்தை நேராகக் காட்டினாள்.

“வரமாட்டேன் செல்வா,” என்றாள். “உன்னை எனக்குப் புடிக்கும். ஆனா வரமாட்டேன்.”